தெப்பக்குளத்துப் படியில் ஒரு தரையாமை

முப்பது ஆண்டுகள் ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கும் பணியில் இருந்தவள் நான். ஒரே பாட்டின் மூன்று படிகளை எதிரெதிரே விரித்து வைத்து, எங்கே ஓர் எழுத்து மாறுகிறது, எங்கே ஒரு சீர் விழுந்திருக்கிறது என்று குறிப்பதே என் தொழில். ஓய்வு பெற்ற பின்னும் கண்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. கீழக்குயில்குடியில் நாங்கள் கட்டிய வீட்டுக்கும் சமணர் மலைக்கும் இடையே ஒரு தரிசு நிலம் கிடக்கிறது. அதன் நடுவே ஒரு வரத்துக்கால் உண்டு; மழைக்காலத்தில் மட்டும் தன்னை ஆறு என்று எண்ணிக்கொள்ளும். சங்கஞ்செடியும் ஆவாரையும் சதுரக்கள்ளியும் பிரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் அந்நிலத்தை ஊரார் காடு என்றார்கள். புதிதாக மனை வாங்கியவர்கள் புதர் என்றார்கள். எனக்கு அது இன்னும் பதிப்பிக்கப்படாத ஏடாகத் தோன்றியது.

மகள் வாங்கித் தந்த ஒளிப்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள்தோறும் காலை ஆறரைக்கு அதற்குள் இறங்குவேன். சுவடிக்குச் செய்ததையே உயிர்களுக்கும் செய்தேன். ஒருமுறை கண்டதை நம்புவதில்லை. ஒரு கீரியை மூன்று வெவ்வேறு நாளில் படம் பிடித்து, அதன் காதோரக் கிழிசலை ஒப்பிட்டு, மூன்றும் ஒன்றே என்று தெளிந்த பிறகுதான் குறிப்பேட்டில் ஏற்றுவேன். செடிகளுக்கும் அதே நெறிதான். இலை, பூ, காய் மூன்றும் படத்தில் அமையும்வரை பெயர் எழுதமாட்டேன். காரைச்செடி ஒன்று காய்க்கும்வரை ஓராண்டு காத்திருந்தேன்.

ஐப்பசி மழைக்குப் பின் ஒருநாள் பாறையிடுக்கில் கள்ளிமுளையான் பூத்திருந்தது. அதன் இதழ்க்கோடுகளைப் படம் எடுக்க ஈரப் பாறையில் வயிறு படியக் கிடந்தேன். கிடந்தவளால் எழ முடியவில்லை. ஆடு மேய்க்க வந்த எங்கள் தெருக்காரப் பெண்மணிதான் கை கொடுத்துத் தூக்கினார்.

"விழுந்துட்டீகளா டீச்சரம்மா?"

"இல்லையம்மா, பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

"பூவைப் பாக்குறதுக்கா இப்பிடிப் படுத்துக் கெடக்கீக? நாங்க ஒடிச்சு வாயில போட்டுட்டுப் போயிக்கிட்டே இருப்போம்." சொன்ன வாயோடு ஒரு தண்டை ஒடித்து, ஓரத்தைச் சீவி, மென்று காட்டினார். நான் அரைமணி நேரம் கிடந்து படம் பிடித்த தண்டு அதுவேதான்.

எங்கள் நட்பு அன்று தொடங்கியது. ஊருக்கு மேற்கே தலைமுறைகளாக உழுது வாழ்ந்த குடும்பத்தவர் அவர். இருபது ஆடுகளும், எங்கள் வீட்டுக்கு நான்கு மனை தள்ளி எழும்பிக்கொண்டிருந்த ஒரு புதுவீடும் அவருடைய உலகம். கல்லூரியில் பேராசிரியராக இருந்தவள் என்று நான் இருமுறை சொல்லிப் பார்த்தேன். அவருக்கு நான் டீச்சரம்மாதான்.

என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் அவருக்கும் காட்டியதில்லை. என் கணவருக்கும் காட்டியதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன், இந்த வேலையில் நான் புதியவளாக இருந்தபோது, மழை விட்ட ஒரு காலையில் சாலை நடுவே ஓர் ஆமையைக் கண்டேன். கரிய ஓட்டின் ஒவ்வொரு தட்டிலும் மஞ்சள் கதிர்கள் விண்மீன்போல் விரிந்திருந்தன. நீர்நிலையைத் தேடி வழி தவறி வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். துணிப்பையில் இட்டுச் சுமந்துபோய் மலையடியில் உள்ள தாமரைக் குளத்தில், படிக்கட்டைத் தாண்டி ஆழமான இடம் பார்த்து, என் கையாலேயே விட்டேன். அது நான்கு கால்களையும் வீசித் துழாவியது, கழுத்தை நீட்டியது, பின் அமிழ்ந்தது. பதினான்கு படங்கள் எடுத்தேன். "நீர் கண்ட களிப்பு" என்று அடியில் எழுதியும் வைத்தேன். அது நிலத்தில் மட்டுமே வாழும் தரையாமை என்றும், ஆழ்நீரில் விட்டால் மூழ்கி இறந்துபோகும் என்றும் பின்னொரு நாள் படித்தேன். அந்தப் படங்களை மீண்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். களிப்பு எதுவும் அவற்றில் இல்லை. பிறர் செய்த பிழைகளைத் திருத்தியே பெயர் பெற்றவள், கண்ணெதிரே ஓர் உயிர் மூச்சுக்குத் தவித்ததைப் பிழையாகப் படித்திருந்தேன்.

அன்றுமுதல் எனக்கு ஒரே வேட்கைதான். தரையாமை ஒன்று உயிரோடு தன் நிலத்தில் நடந்து செல்வதை ஒருமுறை காண வேண்டும். மூன்று மழைக்காலம் தேடினேன். உதிர்ந்த ஓட்டுத் துண்டுகூடக் கிட்டவில்லை.

சென்ற ஐப்பசியின் இறுதியில் ஒரு திங்கட்கிழமை. நான் தரிசிலிருந்து திரும்பியபோது மணி எட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. புதுவீட்டு வாசலில் அந்தப் பெண்மணி மஞ்சள் நீர் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, வியாழக்கிழமைதானே பால் காய்ச்சப் போகிறாய்? இன்றைக்கே கழுவுகிறாயே?"

"அத ஏன் கேக்குறீக. வெள்ளனையே ஆமை வந்துருச்சு டீச்சரம்மா! கதவு இன்னும் மாட்டலைல்ல. அடுப்பு வைக்கப் போற எடத்துல மகராசி கணக்கா ஒக்காந்திருக்கு."

என் தோளில் இருந்த கருவி திடீரெனக் கனத்தது. "ஓடு எப்படி இருந்தது? கறுப்பில் மஞ்சள் கோடா?"

"கோலம் போட்டாப்புல இருந்துச்சு. அம்புட்டு அழகு. அழகு இருந்து என்ன செய்ய? நான் குடியேற முந்தி அதுல்ல குடியேறிருச்சு! ஆமை வந்த வீடு வெளங்குமா? எங்க நாத்தனாருக்குத் தெரிஞ்சா இத வச்சே ஏழு வருசம் பேசுவா."

"இப்போது எங்கே?"

"தம்பி குட்டியானையில தூக்கிட்டுப் போயிட்டான். மரியாதையாத்தான் அனுப்பிச்சேன். மஞ்சத்தண்ணி ஊத்தி, குங்குமம் வச்சு, மாலை போட்டு. தெப்பக்குளத்துல விட்டுருவான். நம்ம ஊருக் கொளத்துல விட்டா திரும்ப வந்துரும்ல, அதான் அம்புட்டுத் தூரம்."

குட்டியானை என்பது அவர் தம்பி வாழையிலை ஏற்றிச் செல்லும் சிறு சரக்குந்து. அது புறப்பட்டு முக்கால் மணி ஆகியிருந்தது.

"அம்மா, அது தரையாமை. நீரில் விட்டால் செத்துப்போகும்."

விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "ஆமை தண்ணில சாகுமா? போங்க டீச்சரம்மா. நாளைக்கு மீனுக்கு வெயில் அடிக்குதுன்னு கொடை பிடிப்பீக போல."

இனி விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று கண்டேன். யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். குளம், படிக்கட்டு, அது துழாவிய விதம், நான் எழுதிய அடிக்குறிப்பு எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நீங்களா? நீங்களேவா?"

"நானேதான். இந்தக் கையாலேயே."

"அய்யய்யோ, வீடு குடிபோற நேரத்துல உசுருப்பழியா!" இடுப்பில் செருகியிருந்த கைப்பேசியை எடுத்துத் தம்பியை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். "வண்டியில கெடக்கும். சார்ஜ் போட்டுட்டு அவன் பாட்டுக்கு எறங்கிப் போயிருப்பான், தடிப்பய. டீச்சரம்மா, ஆமை வந்ததக்கூடத் தாங்கிக்கிருவேன். இதத் தாங்க மாட்டேன். நீங்க போங்க, வெரசாப் போங்க. ஆனா ஒண்ணு, திருப்பிக் கொண்டாந்தா என் வாசல் வழியாக் கொண்டாரப்படாது."

வீட்டில் என் கணவர் நாளிதழும் கையுமாக இருந்தார்.

"வண்டியை எடுங்கள். தெப்பக்குளம் போக வேண்டும்."

"இன்னும் இட்லி ஆகலையேம்மா. கோயிலுக்கா?"

"ஆமைக்கு."

என் முகத்தைப் பார்த்தவர் தலைக்கவசத்தை எடுத்தார். பின்னிருக்கையில் அமர்ந்து, காற்றுக்கு எதிராகக் கத்திக் கத்தி, அவருக்கும் அந்தப் பழைய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். முன்னால் சென்ற பேருந்தை முந்தினார். பிறகு, "அதான் அந்த வருசம் ஒரு மாசம் நீ கேமராவத் தொடவே இல்லையா? உடம்புக்கு என்னமோன்னு நெனச்சேன்" என்றார்.

பழங்காநத்தத்தில் எல்லாம் நின்றுவிட்டது. பள்ளி ஊர்திகள், காய்கறி ஏற்றிய வண்டிகள், ஒன்றின் மூக்கு மற்றொன்றின் முதுகில் இடிக்கும்படி நகரப் பேருந்துகள். நாற்பதாண்டு இல்வாழ்க்கையில் என் கணவர் காரணமின்றி ஒலிப்பானை அழுத்தி நான் கேட்டதில்லை. அன்று அதிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற ஆட்டோ ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, "என்ன பெருசு, பொண்ணு பாக்கப் போறீகளா? மெதுவாப் போங்க, பொண்ணு ஓடிராது!" என்றார். "பொண்ணு இல்லப்பா, ஆமை" என்று இவர் சொன்னதும், அந்த இளைஞர் என்ன எண்ணினாரோ, வண்டியை ஒருபுறம் ஒடித்து வழிவிட்டார்.

தெப்பக்குளம் நிறைந்திருந்தது. நடு மண்டபத்தின் வெண்மை நீரில் அசைந்தது. அவ்வளவு நீரை அதற்குமுன் நான் மகிழ்ந்தே பார்த்திருக்கிறேன். அன்று அதன் ஆழம் மட்டுமே கண்ணில் பட்டது. மேற்குக் கரையில் குட்டியானை நின்றது. உள்ளே ஆள் இல்லை. இருக்கையில் கைப்பேசி மட்டும் ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்கியது.

படிக்கட்டின் கடைசிக்கு முந்தைய படியில் தம்பி அமர்ந்திருந்தார். கையில் தேநீர்க் குவளை. பக்கத்தில் ஒரு கூடை கவிழ்ந்திருந்தது. அதன்மேல் ஒரு செங்கல்.

"தம்பி! விட்டுவிட்டாயா?"

திடுக்கிட்டு எழுந்தார். "டீச்சரம்மா? நீங்க எங்க இங்கிட்டு? இல்ல, இன்னும் விடல. எட்டு மணிக்கே வந்துட்டேன். ராகு காலம்ல. திங்கக்கெழம ஏழரை ஒம்போது. நல்ல காரியத்த ராகு காலத்துல செய்யலாமா? ஒம்போது அடிக்கட்டும்னு ஒக்காந்திருக்கேன்."

என் கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது.

பொழுதில் நல்லது தீயது என்று பகுப்பதை நான் வகுப்பறையில் ஒவ்வோர் ஆண்டும் மறுத்துப் பேசியவள். என் திருமணத்தையே ராகு காலத்தில் நடத்தவேண்டும் என்று அடம்பிடித்து, தந்தையாரிடம் தோற்றவள். அந்தப் படிக்கட்டில் நின்றபோது அதே ராகுவுக்கு மனத்துக்குள் வணக்கம் சொன்னேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

செங்கல்லை அகற்றிக் கூடையைத் தூக்கினேன். அது இருந்தது. மஞ்சளும் குங்குமமும் பூசி, கழுத்திருக்கும் இடத்தில் சிறு செவ்வந்தி மாலையோடு, ஓட்டுக்குள் ஒடுங்கி இருந்தது.

தம்பிக்குச் செய்தியைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. மேற்படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள் குரலை உயர்த்தினார்: "கேட்டீகளா கூத்த! ஆமைக்கு நீச்சல் தெரியாதாம்ல! டியூசன் வச்சு விடுங்க டீச்சர்!" குளிக்க வந்தவர்கள், நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

மாணவர் கூட்டத்தின் நகைப்புக்கு அஞ்சாதவள், இந்தப் பத்துப் பேருக்கு முன் தடுமாறினேன். ஒன்பது அடித்துவிட்டால் தம்பி தன் கடமையைச் செய்துவிடுவார். அப்போதுதான் என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. இரு படிகளை எதிரெதிரே வைத்தேன். கருவியின் திரையில், தாமரைக் குளத்தில் வேறொரு நாள் நான் படம் பிடித்த நீராமையின் பின்னங்காலைப் பெரிதாக்கி, இந்த ஆமையின் காலுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"யாரும் என்னை நம்ப வேண்டாம். இரண்டையும் பாருங்கள். இது குளத்து ஆமை. விரலுக்கு நடுவே தோல் இருக்கிறது, வாத்துக் கால்போல. இதைப் பாருங்கள். எங்கே தோல்?"

தம்பி குந்தி அமர்ந்து பார்த்தார். திரையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். "அட, ஆமா! தூண் கணக்கா இருக்கு. இது யானைக்காலுல்ல!"

"எங்க, தள்ளு" என்று பூக்காரம்மாள் இறங்கி வந்தார். கண்ணை இடுக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "துடுப்பே இல்லாத செம்மத்தத் தண்ணில தள்ளப் பாத்தியேடா பாவி! மாலை வேற போட்டுக் கூட்டியாந்திருக்கான், கெடா வெட்டுக்குக் கூட்டியாந்தாப்புல!"

அந்தச் சந்தடியில் ஆமை தலையை வெளியே நீட்டியது. கழுத்தைத் திருப்பி, தனக்கு இட்ட மாலையிலிருந்து ஒரு செவ்வந்தி இதழைக் கவ்வி இழுத்து மெல்லத் தொடங்கியது.

"போச்சுடா, சாமிக்குப் போட்ட மாலையச் சாமியே தின்னுருச்சு!" என்றார் யாரோ. முன்பு என்னைப் பார்த்துச் சிரித்த பத்துப் பேரும் இப்போது அதைப் பார்த்துச் சிரித்தார்கள். எங்கோ கோயில் மணி ஒன்பது அடித்தது. ஒருவரும் அசையவில்லை.

என் கணவர் வனத்துறை அலுவலகத்தை அழைத்துக் கேட்டார். காயம் இல்லையென்றால், எடுத்த இடத்துக்கு அருகிலேயே விட்டுவிடுங்கள், வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்னார்கள். திரும்பும் வழியில் நான் குட்டியானையின் முன்னிருக்கையில், கூடையை மடியில் ஏந்தி, வாழையிலை மணத்தினூடே பயணம் செய்தேன். கணவர் ஈருருளியில் பின்னால் வந்தார். தம்பி தன் அக்காவை அழைத்து, "ஏக்கா, வாரோம். உசுரோட வாரோம்" என்றார். மறுமுனையில் எழுந்த ஓசை எனக்கும் கேட்டது. அது அழுகையா வசையா என்று பிரித்தறிய இயலவில்லை.

அக்கா விதித்த கட்டளைப்படி அவர் வாசல் வழியே போகவில்லை. வரத்துக்கால் கரையில் சுற்றிக்கொண்டு போனோம். அவரே ஆடுகளை விட்டுவிட்டு எங்களுக்கு முன் வந்து நின்றிருந்தார். தெருவில் பாதி அவருக்குப் பின்னால் நின்றது. ஈரத் துணியால் மஞ்சளைத் துடைத்து, ஒரு சங்கஞ்செடியின் நிழலில் ஆமையை இறக்கி வைத்தேன்.

கால்மணி நேரம் கல்லாகக் கிடந்தது. முதலில் மூக்கு வந்தது, பின் கழுத்து. முன்னங்கால்களை ஊன்றி, அந்தக் கனத்த ஓட்டைத் தூக்கி நிறுத்தி நடந்தது. முள்ளை ஒதுக்கவில்லை, முள்தான் ஒதுங்கியது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். முதல் மூன்று படங்கள் கலங்கிவிட்டன. மற்றவை தெளிவாக வந்தன. கதிர் கதிராக, தட்டுத் தட்டாக, உயிருள்ள ஆமை தன் நிலத்தில் நடந்துகொண்டிருந்தது. மூன்றாண்டுகள் என் நெஞ்சில் கிடந்த கல்லை அது தன் முதுகில் ஏற்றிக்கொண்டு கள்ளிக்குள் மறைந்தது.

"ஏன் டீச்சரம்மா, திரும்ப என் வீட்டுக்கு வந்துராதுல்ல?"

"உன் வீடு நிற்கும் இடத்தில் முன்பு என்ன இருந்தது?"

"இதே கள்ளிதான்." வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அப்பப் பட்டா அது பேருலதான் இருக்குங்கிறீகளா?"

வியாழக்கிழமை பால் நன்றாகவே பொங்கியது. நடந்ததை அவர் மறைக்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் தாமே சொன்னார். அவர் எப்போதும் அஞ்சிய அந்த நாத்தனார், "குடிபோகுமுன்னே ஆமையா?" என்று உதட்டைப் பிதுக்கியதும், "வந்துச்சு, மாலை மரியாதைய வாங்கிக்கிட்டு, தெப்பக்குளத்தச் சுத்திப் பாத்துட்டுப் போச்சு. உங்க வீட்டுக்கு எது வந்துச்சு?" என்றார். பந்தியில் இருந்தவர்கள் என் கருவியைக் கைமாற்றிக் கைமாற்றிப் படம் பார்த்தார்கள். பாயசம் பட்ட விரல்தடம் திரையில் நெடுநாள் இருந்தது.

அதன்பின் நான் எதிர்பாராதது நடந்தது. நாள் முழுதும் ஆடுகளோடு திரியும் அவர் கண்களுக்குமுன் என் ஒருமணி நேரக் காலைநடை எம்மாத்திரம்? கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பத் தொடங்கினார். வால் மட்டும் தெரியும் உடும்பு, முட்டையோடு கௌதாரிக் கூடு, ஒருநாள் ஆமை. ஓட்டின் கதிர்களை எண்ணி ஒப்பிட்டேன். முதுகின் மூன்றாம் தட்டில் ஒரு கதிர் பாதியில் இரண்டாகப் பிரிந்திருந்தது. அதே ஆமை. தையில் ஒரு படம், பங்குனியில் ஒரு படம். மூன்று படிகளும் ஒத்தன. குறிப்பேட்டில் அதை ஏற்றி, கண்டவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன்.

வைகாசியில் கோடைமழை பெய்த மறுநாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "டீச்சரம்மா, ரோட்டுக்கு வாங்க. ஓடியாங்க!"

ஓடக்கூடிய அகவை எனக்கு இல்லை. ஆயினும் ஓடினேன். சாலை நடுவே அவர் ஆட்டுக்கோலைக் குறுக்கே நீட்டி நின்றிருந்தார். அவருக்கு எதிரே தண்ணீர் ஏற்றிய சரக்குந்து ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"ஏக்கா, வழி விடுவியா மாட்டியா? நாலு தெருவுக்குத் தண்ணி ஊத்தணும்!"

"ஊத்தலாம், இரு. இஞ்சின அமத்து. சத்தத்துக்கு உள்ள இழுத்துக்கிருச்சுன்னா அப்பறம் மத்தியானம் வரைக்கும் நீயும் நானும் இங்கனதான்."

அவர் காலடிக்கு ஒரு முழம் தள்ளி, எலுமிச்சங்காய் அளவில், ஓர் ஆமைக்குஞ்சு சாலையைக் கடந்துகொண்டிருந்தது. எந்த ஆமையின் மகவு அது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை, சொல்லவும் மாட்டேன். ஓட்டுநர் பொறியை நிறுத்தினார். இறங்கி வந்தார். "அடங்கொப்புரானே, இம்புட்டுக்காண்டு!" என்று கைகளை முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். "புடிச்சுக் கொளத்துல விட்டுருவமா?"

"தொட்டே, கைய ஒடிச்சுருவேன்" என்றார் அவர். "அதுக்குப் போற எடம் தெரியும்."

நான் படம் பிடித்தேன். குஞ்சு சாலையோரப் புல்லை எட்டியது. ஒரு கூழாங்கல்லில் ஏறி, சறுக்கி, மீண்டும் ஏறி, அப்பால் இறங்கி ஆவாரையின் அடிக்குள் புகுந்தது. அது முற்றாக மறையும்வரை பார்த்துவிட்டு, அவர் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓட்டுநரிடம் சொன்னார்:

"ம், இப்பப் போ."